முத்துக்காரரும் கையுறைக்காரரும்

1552 ஏப்ரல் கடைசியில், இங்கிலாந்தின் ஏவன் ஆற்றங்கரையில் இருந்த ஸ்ட்ராட்ஃபோர்டு என்ற சந்தையூரில் மூன்று பேருக்குத் தண்டம் விதித்தார்கள். ஹென்லி தெருவில் போடக்கூடாத இடத்தில் குப்பைமேடு போட்டது குற்றம். ஆளுக்கு ஒரு ஷில்லிங். ஏட்ரியன் குவைனி, ஹம்ஃப்ரி ரெனால்ட்ஸ், ஜான் ஷேக்ஸ்பியர் என்று மூன்று பெயரும் ஏட்டில் ஏறின. மூன்றாவது ஆள் பக்கத்துக் கிராமத்திலிருந்து பிழைக்க வந்தவர்; தோல் பதனிட்டுக் கையுறை தைக்கிற தொழில். இவருக்கு ஒரு மகன் பிறந்து உலகமெல்லாம் பெயர் வாங்கப் போகிறான் என்று அந்த ஏட்டை எழுதிய குமாஸ்தா அறிந்திருக்க வழியில்லை. மகன் பிறக்கவே இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. தெருவில் குப்பை கிடந்தது, எழுதி வைத்தார்.

அதற்கு ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், கண்ணூரில் போர்த்துகீசியப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்த துவார்த்தே பார்போசா, இந்தியக் கடற்கரை ஊர்களைப் பற்றித் தாம் அறிந்ததையெல்லாம் ஒரு நூலாக எழுதினார். அதில் நம் காயலும் வருகிறது. மலையாளக் கரையிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல்கள் வந்து கூடும் துறை என்கிறார். கொல்லத்து அரசரின் ஆளுகைக்கு உட்பட்டது என்கிறார். பிறகு ஒரு மனிதரைக் காட்டுகிறார். முத்துக்குளிப்பின் குத்தகையை நெடுங்காலமாகக் கையில் வைத்திருக்கும் பெரும் செல்வந்தர், முஸ்லிம், ஊர் முழுவதும் அரசருக்குக் கொடுக்கும் மரியாதையை அவருக்கும் கொடுக்கிறது. சோனகர்களுக்குள், அதாவது முஸ்லிம்களுக்குள், வரும் வழக்குகளை அவரே விசாரித்துத் தீர்ப்புச் சொல்கிறார், அரசர் அதில் தலையிடுவதில்லை. குளிப்பவர்கள் வாரம் முழுவதும் தமக்காகக் குளிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் தோணிக்காரருக்காகக் குளிக்கிறார்கள். சலாபம் என்ற முத்துக்குளிப்புப் பருவம் முடியும்போது ஒரு வாரம் முழுவதும் இந்தப் பெரியவருக்காகக் குளிக்கிறார்கள்.

இவ்வளவு சொன்ன பார்போசா அவர் பெயரைச் சொல்லவில்லை.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு கையுறைக்காரர் குப்பை போட்ட இடம் தெரிகிறது. காயலில் ஒரு நகரத்துக்கே நீதி சொன்னவர் பெயர் இல்லாமல் நிற்கிறார். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாக ஆசை. இருவரும் டியூடர் அரசர்கள் இங்கிலாந்தை ஆண்ட 1485 முதல் 1603 வரையிலான காலத்தவர்கள். இருவரும் தலைநகரத்தில் இருந்தவர்கள் அல்லர். அரசருக்கும் ஊருக்கும் நடுவில் நின்றவர்கள். செல்வத்தில் இருவரையும் ஒப்பிடவே முடியாது. ஸ்ட்ராட்ஃபோர்டு சுமார் இரண்டாயிரம் பேர் வாழ்ந்த சிற்றூர். வாரச் சந்தையும் ஆட்டுரோமமும் தோலும் மது தயாரிக்க மால்ட்டும் அதன் வாழ்வு. காயலோ மார்க்கோ போலோ காலத்திலிருந்தே அரபுக் குதிரைகள் வந்திறங்கிய துறை. அந்த ஆங்கிலேயக் கையுறைக்காரர் தம் வாழ்நாள் முழுதும் சேர்த்த சொத்து, நல்ல சலாபம் விழுந்த ஆண்டில் காயல் குத்தகைதாரருக்கு ஒரு வாரத்து வரும்படிகூட ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

காயல் என்றால் எந்தக் காயல் என்று கேட்பவர்கள் உண்டு. தாமிரபரணி வாய் இடம் மாற மாற, கடல் பின்வாங்கப் பின்வாங்க, பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று ஒரே பெயர் மூன்று ஊர்களில் தங்கிவிட்டது. மார்க்கோ போலோவின் காயல் பழையகாயல்தான் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் வாதாடினார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஒருநாள் நடையில் சுற்றி வந்துவிடக்கூடிய இந்த வட்டாரத்தில் சோனகர் வாழ்வும் முத்து வணிகமும் பல நூற்றாண்டுகள் வேரூன்றி நின்ற ஊர் காயல்பட்டினம். அந்தப் பெயரில்லாப் பெரியவருக்கு வாரிசு என்று உரிமை கொண்டாட இதைவிடத் தகுதியான ஊர் வேறு இல்லை.

ஸ்ட்ராட்ஃபோர்டுக்காரர் மேலே ஏறிய வழியைப் பார்ப்போம். ஜானின் தந்தை ரிச்சர்ட், ஸ்னிட்டர்ஃபீல்டு கிராமத்தில் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர். மகன் ஊருக்கு வந்து தொழில் கற்றார். 1553-இல் ஆறாம் எட்வர்டு அரசர் ஸ்ட்ராட்ஃபோர்டுக்கு ஒரு சாசனம் கொடுத்தார். ஊரை ஊராரே ஆளலாம். பதினான்கு ஆல்டர்மன்கள், பதினான்கு பர்ஜஸ்கள், அவர்களுக்குள் ஆண்டுக்கு ஒருவர் பெய்லிஃப். பெய்லிஃப் என்றால் நம் கணக்கில் நகர்மன்றத் தலைவரும் மாஜிஸ்திரேட்டும் சேர்ந்த பதவி. ஜான் இந்த ஏணியில் ஒரு படிகூட விடாமல் ஏறினார். 1556-இல் ஊருக்குள் விற்கும் ஏல் என்ற மதுவையும் ரொட்டியையும் சோதிக்கும் வேலை. 1558-இல் கான்ஸ்டபிள். பிறகு தண்டத் தொகையை நிர்ணயிக்கும் பொறுப்பு. தண்டம் கட்டிய கையே தண்டம் போடும் கையானது. பிறகு ஊர்க் கணக்கைப் பார்க்கும் சேம்பர்லின். 1565-இல் ஆல்டர்மன். 1568-இல் பெய்லிஃப். அவர் பதவியிலிருந்த ஆண்டில்தான் நாடகக் குழுக்கள் ஊருக்கு வந்து ஊர்ப் பணத்தில் ஆடின. அரசியின் குழுவுக்கு ஒன்பது ஷில்லிங், வூஸ்டர் பிரபுவின் குழுவுக்கு ஒரு ஷில்லிங். அந்த வருடம் அவர் மகன் வில்லியமுக்கு ஐந்து வயது.

1564-இல் கொள்ளைநோய் ஊரில் புகுந்து இருநூறுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. மன்றம் அடைத்த அறையில் கூடப் பயந்து தோட்டத்தில் கூடியது. ஆகஸ்ட் 30 அன்று ஏழைகளுக்காக ஜான் பன்னிரண்டு பென்ஸ் கொடுத்தார். வீட்டில் அப்போது நான்கு மாதக் கைக்குழந்தை வில்லியம். இதுவும் ஏட்டில் இருக்கிறது.

நான் வியப்பது இதில்தான். ஜான் ஷேக்ஸ்பியர் ஆவணங்களில் கையெழுத்துப் போட்டதில்லை. கையுறை வெட்டுகிறவர்கள் வைத்திருக்கும் கவராயத்தின் உருவத்தைக் கீறி வைப்பார். எழுதத் தெரியாதவர் என்று பலர் சொல்கிறார்கள். வாசிக்கத் தெரிந்திருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். எப்படியானாலும், கையெழுத்துக்குப் பதில் கீறல் வைத்த மனிதர் ஓர் ஊரின் கணக்கை ஆண்டுக்கணக்கில் பார்த்தார், அந்தக் கணக்கு நானூற்று அறுபது ஆண்டு கழித்தும் கைக்குக் கிடைக்கிறது. காயலில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. அரபியில் எழுதினார்கள், தமிழில் எழுதினார்கள், தமிழை அரபி எழுத்தில் எழுதும் அரபுத்தமிழிலும் எழுதினார்கள். முத்து வணிகம் கணக்கு இல்லாமல் நடக்காது. எத்தனை தோணி, எத்தனை கல், எந்தப் பாரில் குளிப்பு, சம்மாட்டிக்கு எவ்வளவு, சுறாவைக் கட்டும் கடல்கட்டிக்கு எவ்வளவு, அரசருக்கு எவ்வளவு என்று எழுதியே ஆக வேண்டும். ஆகவே படிப்பறிவுதான் காரணம் என்று சொன்னால் பொருந்தாது.

காரணம் அதிகாரம் உட்கார்ந்திருந்த இடத்தில் இருக்கிறது. ஸ்ட்ராட்ஃபோர்டில் அதிகாரம் நாற்காலியில் இருந்தது. ஆள் ஆண்டுக்கு ஆண்டு மாறினார். நாற்காலி மாறும்போது கணக்கை அடுத்தவரிடம் ஒப்படைத்தாக வேண்டும். ஒப்படைக்க வேண்டிய கணக்கைத்தான் எழுதி வைப்பார்கள், பெட்டியில் போட்டுப் பூட்டுவார்கள். காயலில் அதிகாரம் ஆளிடம் இருந்தது. குத்தகை அவருடையது, தீர்ப்பு அவருடையது, மரியாதை அவருடையது. அவர் வீட்டுத் திண்ணைதான் ஊர் மன்றம். கணக்கேடும் அவர் வீட்டுக்குள்தான் கிடக்கும். அவர் போனதும், குத்தகை கைமாறியதும், அந்த ஏடு வெறும் குடும்பக் காகிதம் ஆகிவிடுகிறது. கரையானுக்கும் கடற்காற்றுக்கும் அது எத்தனை தலைமுறை தாங்கும்?

குத்தகை விரைவிலேயே கைமாறவும் செய்தது. 1520-களில் போர்த்துகீசியர் முத்துக்கரைக்கென்று தங்கள் கப்பித்தானை அமர்த்தினார்கள். 1532-இல் விஜயநகரத்து அச்சுதராயரின் படை தாமிரபரணிக் கரைவரை வந்து, கொல்லத்தை ஆண்ட வேணாட்டு அரசரை வென்றது. குத்தகை கொடுத்த அரசர் தளர்ந்தார். அதே பத்தாண்டில் முத்துக் குளிக்கும் பரதவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டுக் கிறிஸ்தவம் தழுவினார்கள். கரையூர்கள் பலவற்றில் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் நடந்தது. முத்துக் குளித்த கைகள் புதிய காவலைத் தேடிக்கொண்டன. 1538-இல் ராமநாதபுரக் கரையில் வேதாளையில் மரக்காயர் கப்பற்படையைப் போர்த்துகீசியர் முறியடித்தார்கள். காயல் பெரியவரின் ஒரு வாரக் குளிப்பு அத்துடன் போயிற்று. பரதவர் மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூச்சைப் பிடித்துக் கடலடிக்குப் போய்வந்தவர்கள் அவர்கள். வாரத்தில் ஒரு நாளும் பருவக் கடைசியில் ஒரு வாரமும் பிறருக்காக மூழ்கியவர்களுக்கு வேறு ஏற்பாடு தேடும் உரிமை இல்லையா?

ஸ்ட்ராட்ஃபோர்டிலும் காலம் புரண்டது. அங்கே படையெடுப்பு இல்லை. மதம் அரசாணையால் மாறியது. எட்டாம் ஹென்றி போப்பை விட்டு விலகினார், எட்வர்டு இன்னும் தூரம் போனார், மேரி பழையதற்குத் திருப்பினார், எலிசபெத் மறுபடி புதியதற்குத் திருப்பினார். முப்பது ஆண்டுக்குள் நான்கு திருப்பம். ஜான் கணக்குப் பார்த்த காலத்தில், ஊரின் கில்டு சிற்றாலயத்துச் சுவரோவியங்களை அழிக்க இரண்டு ஷில்லிங் செலவெழுதப்பட்டது. தாம் கும்பிட்டு வளர்ந்த படங்களை மறைக்கத் தாமே கூலி கொடுக்க வேண்டிய நிலை. ஆனால் சுரண்டி எடுக்கவில்லை, சுண்ணாம்பு பூசினார்கள். 1804-இல் சுண்ணாம்பு உரிந்து ஓவியங்கள் வெளியே வந்தன. ஊர்ப் பெரியவர்கள் வேண்டுமென்றேதான் மேலோட்டமாகப் பூசினார்கள் என்று நம்ப எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏறியவர் இறங்கவும் செய்தார். கையுறையோடு நில்லாமல் ஜான் ஆட்டுரோமம் வாங்கி விற்றார். அது உரிமம் பெற்றவர்களுக்கே உரிய வணிகம். வட்டிக்கும் விட்டார்; வட்டி அன்று சட்டப்படி குற்றம். 1570-களின் தொடக்கத்தில் இரண்டுக்கும் வழக்கு. 1576-க்குப் பிறகு மன்றத்துக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். 1578-இல் ஏழைகளுக்கென்று ஆல்டர்மன்கள் வாரந்தோறும் கொடுக்க வேண்டிய நான்கு பென்ஸிலிருந்து அவரை விலக்கினார்கள். ஊருக்குள் அவருக்கு எவ்வளவு மதிப்பு இருந்திருந்தால் பத்தாண்டு வராதவரைப் பெயர் நீக்காமல் வைத்திருப்பார்கள்! 1586-இல்தான், இவர் வருவதே இல்லை என்று காரணம் எழுதி வேறொருவரைப் போட்டார்கள். 1592-இல் தேவாலயத்துக்கு வராதவர்கள் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. கடன்காரருக்குப் பயந்து வராதவர் என்ற குறிப்போடு.

1579 ஏப்ரலில் அவருடைய ஏழு வயது மகள் ஆன் இறந்தாள். அதற்கு முன்பே இரண்டு பெண் குழந்தைகளை இழந்த வீடு அது. தேவாலய மணி அடிக்கவும் பிரேதத்தின் மேல் துணி போர்த்தவும் எட்டு பென்ஸ் பெற்றதாக ஊர்க் கணக்கு சொல்கிறது. கையில் காசில்லாத தகப்பன் தன் மகளின் கடைசி மரியாதைக்குக் கொடுத்த எட்டு பென்ஸ். வரலாற்று நூல் ஆயிரம் படித்தாலும் கிடைக்காத நெருக்கம் இந்த ஒரு வரிக் கணக்கில் கிடைக்கிறது. காயல் பெரியவருக்கும் பெண் பிள்ளைகள் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் நோய் வந்திருக்கும். அந்த வீட்டு அழுகையின் ஒரு வரிகூட நமக்கு வந்து சேரவில்லை என்பதை நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

குடும்பம் என்று வரும்போது இரண்டு ஊரும் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன.

ஜானின் மனைவி மேரி ஆர்டன். ஜானின் தந்தைக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்திருந்த ராபர்ட் ஆர்டனின் எட்டுப் பெண்களில் கடைக்குட்டி. 1556-இல் தந்தை இறந்தபோது வில்ம்கோட் கிராமத்து நிலத்தை அவளுக்கே எழுதி வைத்தார்; உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் அவளிடம் கொடுத்தார். கெட்டிக்காரப் பெண் என்று தகப்பனுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு வாக்கில் கல்யாணம். அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, கல்யாணமானதும் பெண்ணின் நிலத்தை நிர்வகிக்கும் உரிமை கணவனுக்குப் போய்விடும். 1578 நவம்பரில் கடன் நெருக்கியது. வில்ம்கோட் நிலம் நாற்பது பவுனுக்கு அடமானம் போனது. வாங்கியவர் வேற்று மனிதர் அல்லர், மேரியின் அக்கா வீட்டுக்காரர் எட்மண்ட் லாம்பர்ட். நிலம் திரும்பி வரவில்லை. வழக்கு அடுத்த தலைமுறைவரை இழுத்தது. தாய்வழி வந்த சொத்து இப்படிக் கரைந்தது.

காயல்பட்டினத்தில் இன்றும் கல்யாணம் ஆன மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் வருகிறார். வீடு பெண்ணுக்கு. தாயின் வீடு மகளுக்கு, மகளின் வீடு அவள் மகளுக்கு. உம்மா, லாத்தா, தங்கச்சி என்று பெண்கள் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள். தெருக்களுக்கு நடுவே முடுக்குகள் என்று ஒடுங்கிய சந்துகள் ஓடும். பெண்கள் அந்த முடுக்கு வழியே ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கும் பெண்கள் தைக்காவுக்கும் போய்வருவார்கள். ஆண்கள் கொழும்பு, கல்கத்தா, ரங்கூன், பிறகு ஹாங்காங், வளைகுடா என்று வணிகத்துக்குப் போய்விடும் ஊர். காக்காமார் கடல் கடந்தாலும் வீடு ஆடாமல் நின்றதற்கு இந்த ஏற்பாடுதான் தூண். இன்றைய வழக்கத்தை எடுத்து ஐந்நூறு ஆண்டுக்கு முந்திய மனிதர் தலையில் நான் வைக்க மாட்டேன். ஆனால் கடலோடும் வணிகச் சமூகம் கண்டுபிடித்த அறிவு இது என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. கப்பல் கவிழலாம், முத்து விலை விழலாம், குத்தகை போகலாம். பெண்ணின் கூரை போகக்கூடாது. மேரி ஆர்டனுக்கு இந்தப் பாதுகாப்பு இருந்திருந்தால் வில்ம்கோட் போயிருக்காது. அதே வழக்கத்துக்கு ஒரு விலையும் உண்டு என்பதை மறைக்கக்கூடாது: பெண்ணைப் பெற்றவர் ஒவ்வொரு மகளுக்கும் வீடு கட்டித்தர வேண்டும் என்ற பாரம் எத்தனையோ வாப்பாக்களின் முதுகை முறித்திருக்கிறது.

ஹென்லி தெரு வீட்டின் கதை இங்கே நினைவில் நிறுத்தத்தக்கது. ஜானுக்கு எட்டுப் பிள்ளைகள். பிழைத்து வளர்ந்தவர்கள் நான்கு ஆண், ஒரு பெண். வில்லியமின் ஒரே மகன் ஹாம்நெட் 1596-இல் பதினோரு வயதில் போனான். அதே ஆண்டில்தான் குடும்பத்துக்குக் குலச்சின்னம் கிடைத்தது. சின்னத்தைச் சுமக்க ஆண் வாரிசு இல்லை. மற்ற மூன்று தம்பிகளின் வழியிலும் பெயர் தழைக்கவில்லை. ஜானின் மகள் ஜோன், ஹார்ட் என்ற தொப்பிக்காரரைக் கட்டிக்கொண்டு தகப்பன் வீட்டிலேயே இருந்தாள். அண்ணன் வில்லியம் தன் உயிலில், அவள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் குடியிருக்க வழி செய்துவைத்தார். அவள் பிள்ளைகள் வழிவந்தவர்கள் 1806 வரை அந்த வீட்டை வைத்திருந்தார்கள். இன்று உலகம் வந்து பார்த்துப்போகும் அந்த வீடு பெண்வழியில் தங்கிய வீடு. காயல்காரர் யாரும் இதைக் கேட்டு ஆச்சரியப்படமாட்டார்கள்.

ஒரு மறுப்பு வரும், வர வேண்டியதும்தான். வில்லியம் பிறந்திருக்காவிட்டால் ஜானை யார் தேடியிருப்பார்? உண்மை, தேடியிருக்க மாட்டார்கள். ஆனால் தேடும்போது கிடைத்ததே, அதுதான் என் பேச்சு. அதே குப்பைக்குத் தண்டம் கட்டிய ஏட்ரியன் குவைனிக்கு மகாகவி எவரும் பிறக்கவில்லை. அவரும் பெய்லிஃப் ஆனதும், அவர் பேரன் தாமஸ் 1616-இல் ஜானின் பேத்தி ஜூடித்தைக் கட்டியதும் ஏடுகளில் இருக்கின்றன. புகழ் வருவதற்கு முன்பே காகிதம் இருந்தது.

காயல் ஒன்றையுமே காக்கவில்லை என்று சொன்னால் அநியாயம். காயல் வேறொன்றைக் காத்தது. ஒரு வேணாட்டு அரசர் காயல்பட்டினத்துப் பள்ளிவாசலுக்குத் தம் பெயரால் உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்று பெயர் சூட்டி, அங்கிருந்த அபூபக்கருக்கு உதயமார்த்தாண்டக் காதியார் என்ற பட்டம் கொடுத்து, துறையின் வரும்படியில் ஒரு சிறு பங்கையும் ஒதுக்கியதைக் கல்வெட்டு சொல்கிறது. இந்து அரசரின் பெயரை ஒரு பள்ளிவாசலும் ஒரு காதியும் சுமந்தார்கள். அந்தப் பெயர் கல்லில் ஏறியதால் நமக்கு அபூபக்கரைத் தெரிகிறது. அதுபோலப் பள்ளிவாசல்களின் மையவாடிகளில் பழைய மீசான் கற்கள் என்ற கல்லறைக் கற்கள் நிற்கின்றன. அறிஞர்களின் பெயரையும் ஊர் மறக்கவில்லை. சுலைமான் வலியுல்லாஹ்வின் மகன், 1632-இல் காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரைச் சொன்னால் குழந்தைக்கும் தெரியும்.

கீழக்கரையின் சீதக்காதியை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதம்பி மரக்காயர் என்று அவரே டச்சுக் கம்பெனியின் ஏடுகளில் வருகிறார்: கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர், வணிகத்தில் எளிதில் மடங்காதவர், டச்சுக்காரர்களுக்குத் தலைவலி. நம் நாவில் அவர் வேறு ஆள்: செத்தும் கொடுத்தான் சீதக்காதி. ஒரே மனிதர். அந்நியரின் கணக்கேடு அவருடைய பேரத்தை வைத்திருக்கிறது, நம் புலவர்கள் அவருடைய ஈகையை வைத்திருக்கிறார்கள். நாம் கொடையையும் இறையச்சத்தையும் பாட்டிலும் கல்லிலும் ஏற்றினோம்; தண்டத்தையும் கடனையும் வழக்கையும் எட்டு பென்ஸையும் ஏற்றவில்லை. விளைவாக நம் பெரியவர்கள் எல்லோரும் குறையில்லாதவர்களாக நிற்கிறார்கள், அதனாலேயே தொட முடியாத தூரத்தில் நிற்கிறார்கள். ஜான் ஷேக்ஸ்பியர் குப்பை போட்டார், தண்டம் கட்டினார், தலைவர் ஆனார், கடன்பட்டார், ஒளிந்தார், 1601 செப்டம்பரில் அடக்கமானார். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறார்.

அதிகாரம் நாற்காலியில் இருந்தால் ஏடும் பெயரும் நிற்கும் என்பதற்கு இந்தக் கடற்கரையிலேயே சான்று இருக்கிறது. புன்னைக்காயல், காயல்பட்டினத்துக்கு வடக்கே கூப்பிடு தூரம். அங்கே பரதவர் நடுவே வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் தமிழில் அச்சிட்ட தம்பிரான் வணக்கம் என்ற நூல் 1578 அக்டோபரில் கொல்லத்தில் வெளிவந்தது. ஜான் மனைவியின் நிலத்தை அடமானம் வைத்ததற்குச் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. பரதவரின் சாதித்தலைவர் குடும்பம் தக்ரூஸ் என்ற பெயரில் தலைமுறை தலைமுறையாகத் தெரிகிறது. 1806-இல் தூத்துக்குடி பனிமய மாதாவுக்குத் தங்கத்தேர் செய்தவர் அந்த வரிசையில் வந்த கபிரியேல் தக்ரூஸ் கோமஸ். அதே கடல், அதே பார், அதே சிப்பி. ஒரு பக்கத்துத் தலைவர்கள் பெயரோடு இருக்கிறார்கள். ஆள் மாறினாலும் ஏடு மாறாத ஓர் அமைப்பு அவர்கள் பக்கத்தில் இருந்தது. ஞானஸ்நானப் பதிவேடும் பாதிரிமார் கடிதமும் இருந்தன.

பெயரில்லாப் பெரியவரை இனி மீட்க முடியாது. அவருக்குப் பின்னால் வந்தவர்களை இழக்காமல் இருக்க முடியும். காயல்பட்டினத்து வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் பழைய வீட்டுப் பத்திரங்கள், கொழும்புக் கடைக் கணக்குகள், ரங்கூனிலிருந்து வந்த கடிதங்கள், பள்ளிவாசல்களின் வரவுசெலவு, நிக்காஹ் பதிவேடுகள், அரபுத்தமிழில் உம்மாமார் எழுதி வைத்த நோட்டுகள் எல்லாம் இந்த ஊரின் மன்ற ஏடுகள். மையவாடிக் கற்களைக் கடற்காற்று தின்றுகொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தாளையும் கைப்பேசியில் படம் எடுங்கள். யார் எழுதியது, யாருக்கு, எந்த ஆண்டு என்று வீட்டில் மூத்த பெண்மணியிடம் கேட்டுப் பக்கத்திலேயே எழுதுங்கள். கடன் பத்திரமாக இருந்தாலும், வழக்கு நோட்டீசாக இருந்தாலும் கிழித்துப் போடாதீர்கள். ஒரு பிரதியை ஊரில் பொதுவான ஓர் இடத்தில் கொடுத்து வையுங்கள்.